ஃபில்டர் காலியாக இருந்த காலை

அன்புள்ள சின்னுவுக்கு,

பெரியம்மா எழுதுவது. நானும் பெரியப்பாவும் சௌக்கியம். உன் சௌக்கியம் நீ போனை எடுத்தால்தான் தெரியும். நீ எடுக்காததால் இந்த மெயில். படித்துவிட்டுப் பதறிப்போய் லீவு போட்டுக் கிளம்பிவிடாதே. எல்லாவற்றையும் நானே சரிசெய்துவிட்டேன். எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எப்படிக் கெடுத்தேன் என்பதும் நடுவில் வரும், கண்டுகொள்ளாதே.

போன முறை வந்தபோது எங்கள் இரவல் அறைக்கு ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தாயே, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கட்டில் என்று வாங்கிப் போனவர்களின் பட்டியலைக் காலையில் கம்ப்யூட்டரே பார்த்து, தவணை தாண்டியவர்களுக்கு மட்டும் மெசேஜ் அனுப்பும் என்று. புரோகிராம் எழுதத் தெரியவேண்டாம், கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் போதும் என்றாய். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பட்டியலில் ‘நிலை’ என்று ஒரு தலைப்பு வைத்திருந்தாய், தவணை தாண்டினால் அதன்கீழே ‘முடிந்தது’ என்று வரும். இத்தனை வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவளுக்கு, ஒரு மனிதர் பெயருக்கு எதிரே ‘நிலை: முடிந்தது’ என்றிருந்தால் வேறு அர்த்தம்தானே தோன்றும்? தவணைதான் முடிந்தது, ஆள் முடியவில்லை என்று நமக்குத் தெரியும். திரையை எட்டிப் பார்த்த ஓர் அம்மாவுக்குத் தெரியவில்லை. தம்பி பெயரைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்து அனுப்பிய கையோடு தலைப்பைத் ‘தவணை’ என்று மாற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். ஒழுங்காக இருக்கட்டுமே என்று, தவணை தாண்டியவர்களை மட்டும் பிரித்தெடுக்கும் ஃபில்டர் கட்டத்திலும் போய் அதே பெயரைப் போட்டேன்.

சிவப்பு! அப்படி ஒரு தலைப்பே இல்லையாம். என் கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்று சாதிக்கிறது. சரி, ‘முடிந்தது’ என்ற சொல்லுக்கு இருபுறமும் இருந்த மேற்கோள் கொம்புகள்தான் தொந்தரவோ என்று எடுத்தேன், வேறு சிவப்பு. போனிலிருந்து கொம்பு போட்டேன், அது வளைந்த கொம்பாம், இன்னொரு சிவப்பு. பெரியப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “உனக்கும் அதுக்கும் ஒத்துவரலைன்னா விட்டுடேன்” என்றார். அந்த வரியையே அழித்தேன். உடனே பச்சை டிக்! அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பேரும் காபி குடித்தோம். ஃபில்டர் காலியாக இருந்தால் யாரையும் எடுக்காது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அது எல்லோரையும் எடுக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் காலை பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் மெசேஜ் போய்விட்டது. ‘தாங்கள் பெற்ற பொருளைத் திருப்பித் தரவும். உடல்நலம் தேறியிருப்பீர்கள் என நம்புகிறோம்.’ நான் அறையைத் திறக்கப் போனால் வாசலில் கூட்டம். ஒரு பஸ் டிரைவர், கால் ஒடிந்து போன வாரம்தான் ஊன்றுகோல் வாங்கிப் போனவர், அதைத் தோளில் சாத்திக்கொண்டு சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் குதித்து வருகிறார்.

“ஏங்க, அதை ஊனிட்டு வரக் கூடாதா?”

“திருப்பிக் குடுக்கச் சொன்ன பொருளை யூஸ் பண்ணலாமான்னு தெரியலை சிஸ்டர். நான் தேறிட்டேன்னே எனக்குத் தெரியாது. நீங்கதான் போட்டிருக்கீங்க.”

எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிவிட்டது. கொண்டுவந்ததை அவர்களிடமே கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். மத்தியானம் கூட்டம் ஓய்ந்த பிறகு வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவர் வந்தார். மனைவிக்காகக் கட்டில் வாங்கிப் போனவர். அந்த அம்மா போய்ச் சேர்ந்து, கட்டிலும் எப்போதோ திரும்பி வந்துவிட்டது. அவர் கையில் போன், போனில் என் மெசேஜ். வார்டில் எத்தனை பேருக்கு எத்தனை கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன் சின்னு, இவரைப் பார்த்ததும் பதறி எழுந்து நின்றுவிட்டேன்.

“உக்காருங்கம்மா, திட்ட வரலை,” என்றார். “தேறியிருப்பீங்கன்னு போட்டிருந்தீங்க. இப்பல்லாம் அவளைப் பத்தி யாரும் பேச்சே எடுக்கறதில்லை. எடுத்தா நான் அழுதுடுவேனாம். இதைப் பார்த்ததும், நேர்ல வந்து சொல்லிட்டுப் போலாம்னு தோணிச்சு.”

உட்கார்ந்தார். அந்த அம்மாவுக்குக் கட்டிலில் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் மூச்சு லேசாகும், கடைசி நாட்களிலும் அவர் போட்ட டீயை எப்படிக் குறை சொன்னாள் என்றெல்லாம் சொன்னார். சிரித்தார். நான்தான் அழுதேன். போகும்போது, “பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடாதீங்க” என்றார். சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அவர் போன பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மருந்து ஒத்துக்கொள்ளாத நோயாளிக்கு எல்லா மருந்தையும் ஒரே வேளையில் மாற்றமாட்டோம், ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்போம். அதேபோல், முதலில் மெசேஜ் அனுப்பும் கட்டத்தைக் கழற்றி வைத்தேன். ஃபில்டர் இல்லாமல் ஒரே ஒரு வரியை மட்டும் கொண்டுவா என்றேன். வந்த வரியைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே ‘தவணை’ என்ற பேச்சே இல்லை! நீ முதன்முதலில் ஆங்கில எழுத்தில் வைத்த பழைய ‘நிலை’தான் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வெளியே என்ன பெயரை மாட்டினாலும் உள்ளே பிறந்த பெயர்தான் போலிருக்கிறது. ஊரெல்லாம் உன்னைச் சின்னு என்றாலும் பாஸ்போர்ட்டில் வேறு பெயர் இருப்பது மாதிரி. ஃபில்டரில் பழைய பெயரைப் போட்டேன், கீபோர்டிலிருந்து நேர்கொம்பு போட்டேன், ஓடவிட்டேன். தவணை தாண்டியவர்கள் மட்டும், ஒருவர் கூடாமல் குறையாமல் வந்து நின்றார்கள். கழற்றிய கட்டத்தைத் திரும்ப மாட்டினேன். பெரியப்பாவே பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்.

ஆகவே நீ நிம்மதியாக உன் வேலையைப் பார். வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு ஓய்வு கொடு, போனை எடு. நோய்நொடி இல்லாமல், சிவப்பே பார்க்காமல், எந்நாளும் பச்சையாக நீ வாழவேண்டும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
பெரியம்மா

பி.கு.: நான் கெடுத்தது அசலை, சரிசெய்தது பழகிப் பார்ப்பதற்கென்று நீ எனக்குப் போட்டுக் கொடுத்த நகலையாம். பெயருக்குப் பின்னால் பொடி எழுத்தில் ‘நகல்’ என்றிருப்பதைப் பெரியப்பா இப்போதுதான் கண்டுபிடித்தார். அசலில் ஃபில்டர் இன்னும் காலி. நாளைக் காலையும் எல்லோருக்கும் போகும். நிறுத்தும் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தியும் விட்டேன். ‘நிச்சயமாக நிறுத்தவா?’ என்று கேட்கிறது. அரைமணி நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, சின்னு. லீவு போட்டுக் கிளம்பி வா.