முகவரி சார்

"முகவரி இல்லாம வண்டி அசையக் கூடாது!" என்று அவசர உதவி மையத்தின் மேற்பார்வையாளர் நூறாவது தடவையாகக் கத்திக்கொண்டிருந்தபோதே, நெஞ்சைப் பிடித்தபடி மூன்றாம் சீட்டுக்காரியின் காலடியில் சரிந்தார்.

அவருக்கு அங்கே முகவரி சார் என்றுதான் பட்டப்பெயர். ஆனாலும் தங்கமான மனுஷன். அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றபோது, அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் ஹெட்செட்டைத் தானே மாட்டிக்கொண்டவர். அவள் பதறிக் குனிந்தாள்.

"சார், எங்க வலிக்குது?"

"வரிசைப்படி கேளும்மா... முதல்ல முகவரி."

வெளியிலிருந்து அழைப்பு வந்தால்தான் கம்ப்யூட்டரில் பதிவு திறக்கும். பதிவு திறந்தால்தான் வண்டி. அவள் மேஜைப் போனிலிருந்து தங்கள் எண்ணையே அழைத்தாள். நாலாம் சீட்டில் மணி அடித்தது.

"வணக்கம், அவசர உதவி மையம். எங்கேருந்து பேசுறீங்க?"

"உன் பக்கத்துலேருந்துதான்டி!"

"தெரியுதுடி. அதை எந்தக் கட்டத்துல போட? கதவு எண், தெரு சொல்லு."

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். இந்தக் கட்டடத்துக்கு வந்ததே திங்கட்கிழமைதான். ஆபீஸ் வேன் முன்வாசலில் இறக்கிவிடும். ஜன்னலே இல்லாத மாடி அறையில் எட்டு மணி நேரம். பிறகு மறுபடி வேன். ஊரையே முகவரி கேட்டுக் குடைந்தவர்களுக்குத் தாங்கள் உட்கார்ந்திருக்கும் தெரு தெரியவில்லை.

"சார், இது என்ன தெரு?"

"புது முகவரிய சர்க்குலர்ல... போடச் சொல்லியிருந்தேனே..." அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தப் போனுக்குப் பழைய ஆபீஸ் முகவரிதான் காட்டுது. இப்போதைக்கு அதையே போட்டு வண்டியக் கிளப்புறேன். அப்புறம் டிரைவர்கிட்ட சொல்லி மாத்திக்கலாம்" என்றாள் நாலாம் சீட்டுக்காரி.

பதினாலாம் எண் வண்டி ஒதுக்கப்பட்டது. வெளியே எங்கோ சைரன் அலறி, தேய்ந்து மறைந்தது. பாவம், யார் வீட்டில் என்ன கஷ்டமோ என்று அந்த நிலையிலும் மூன்றாம் சீட்டுக்காரி நினைத்துக்கொண்டாள்.

பியூன் தலைதெறிக்க ஓடி, தெருப் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தார். டிரைவரைக் கூப்பிட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டேங்குறாரே!"

"ஓட்டும்போது எடுத்தா சஸ்பெண்டு. நம்ம சார் போட்ட உத்தரவுதான்."

"வேற வண்டி?"

"ஒண்ணுகூட சும்மா இல்லடி."

முகவரி சாரின் மூச்சு நின்றது. எத்தனையோ பேருக்குப் போனில் சொல்லிக்கொடுத்ததை இன்று மூன்றாம் சீட்டுக்காரியே செய்தாள். நெஞ்சை அழுத்தி அழுத்தி எண்ணினாள். எண்ணிக்கை நடுவில் அழுகை வந்தது. கையை மட்டும் நிறுத்தவில்லை.

ஒன்பதாவது நிமிடம் டிரைவரே அழைத்தார். நாலாம் சீட்டுக்காரி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அம்மா, இங்க பூட்டுதான் தொங்குது. ஒரு ஈ காக்கா இல்ல."

"அங்க இல்லைங்க! புது ஆபீஸ்!" என்று மூன்றாம் சீட்டுக்காரி தரையிலிருந்தே கதறி, தெருப் பெயரைச் சொன்னாள்.



"அந்தக் கட்டடமா? திங்கக்கிழமையிலேருந்து நான் வண்டி நிறுத்துறதே உங்க பின்பக்கப் படிக்கட்டுக்குக் கீழதானேம்மா!"