ஏற்றத்துக்கு ஒரு மாத்திரை

"இன்னும் கொஞ்சம் பலமாத் தள்ளுங்கோ!" என்று காருக்குள் சாய்ந்து உட்கார்ந்தபடியே சொன்னார், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை துரைசிங்கம்.

பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தவர் வேறு யாருமல்ல, பெண்ணைப் பெற்ற வல்லிபுரம்தான். மலாயாவில் பீடோங்குக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அவர் செருமினாலே தோட்டத்தில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர் வெள்ளைக் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொள்ள, மாடு மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. கார் பாதி மேட்டில் செத்துக் கிடந்தது. டிரைவர் தர்மலிங்கம் காரின் முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுற்றோ சுற்றென்று சுற்றினான். அவன் தோட்டத்து லாரி ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிராணியின் காருக்கு வருவான். வல்லிபுரத்துக்குக் கார் வாங்கத் தெரிந்ததே தவிர, ஓட்டத் தெரியாது.

நாலாம் நாள் அலோர் ஸ்டாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக் கடிதம் வந்தது. 'நடு வழியில் நிற்கும் வாகனமுள்ள வீட்டோடு சம்பந்தம் சரிவராது.' இதற்கு முன் வந்த மாப்பிள்ளை விஷயமும் இதே மேட்டில்தான் முறிந்தது. அவராவது தூங்குகிற மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவு மரியாதை.

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி பூரணம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பிள்ளைக்கு இருபத்திரண்டு முடியுது. இந்தச் சனியன் பிடிச்ச காரை வித்துப்போட்டு மாட்டு வண்டி வாங்குங்கோ. மாடாவது ஏறும்."

வல்லிபுரத்துக்குச் சுருக்கென்றது. மகள் பாலாம்பிகை இதொன்றும் காதில் விழாதவள்போல ஜன்னலோரம் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். பாவம், பிள்ளை மனசுக்குள் எவ்வளவு அழுகிறதோ என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கே பீடோங்குக்குப் போனார். சாமான் கடை குழந்தைவேலு ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள்.

"பினாங்கில இருந்து வந்த சரக்கு கிராணி ஐயா. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒண்ணு போடுங்க. குதிரை மாதிரி ஏறும்."

"விலை?"

"மூணு வெள்ளி. நல்ல காரியத்துக்குக் கணக்குப் பாக்கலாமா?"

பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை போட்டதும் கார் மேட்டில் கிடுகிடுவென்று ஏறிவிட்டது. போதாதென்று தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் ராக்காயியையும் இன்னும் மூன்று பெண்களையும் ஏற்றிச் சோதித்தார். அப்போதும் ஏறியது. இறங்க மனமில்லாமல் ராக்காயி இன்னொரு தடவை கேட்டாள்.

"பார்த்தியா! மூண்டு வெள்ளி தகும்!"

தர்மலிங்கம் தலையைச் சொறிந்தான். "மாத்திரை போடாட்டியும் ஏறும்லா, ஐயா."

"உனக்கென்ன தெரியும்? வாயை மூடு!"

மூன்றாவது சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை பரஞ்சோதி, அலோர் ஸ்டாரில் பள்ளிக்கூட வாத்தியார். தாயோடு ஞாயிறு காலை ரயிலில் வருகிறார். இதுவும் தப்பினால் ஊரில் தலை காட்ட முடியாது என்று வல்லிபுரம் பயந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றுக்கு ஆறாக மாத்திரை போட்டார். அதுவும் போதுமோ என்னவோ என்று, குழந்தைவேலு தலையில் கட்டிய பச்சை எண்ணெய்ப் போத்தலையும் முழுசாகக் கவிழ்த்தார். பூரணம் தன் பங்குக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள்.

ரயிலடியிலிருந்து கிளம்பும்போதே கார் இருமியது. பிறகு கரும்புகை கக்கியது. சாலையில் போன கோழிகள் சாக்கடைக்குள் பாய்ந்தன. மாப்பிள்ளையின் தாய் செல்வநாயகி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, ஏதோ கருகுது போல."

"ஒண்டுமில்லைத் தங்கச்சி, எல்லாம் சக்தி!"

அந்தச் சக்தி பாதி மேட்டில் 'டப்' என்றது. கார் நின்றது.

ஐயோ, என் பிள்ளை! வல்லிபுரம் வழக்கம்போலக் கோட்டைக் கழற்றப் போனார். அதற்குள் மாப்பிள்ளை கீழே குதித்துவிட்டார்.

"மாமா, நீங்கள் உள்ளே இருங்கோ. அம்மா, நீங்களும் இறங்க வேண்டாம். டிரைவர் அண்ணே, நீங்க ஸ்டியரிங்கைப் பிடிங்க, நான் தள்ளுறன்!"

"தம்பி, புது உடுப்பு..."

"உடுப்பைத் துவைக்கலாம் மாமா."

தள்ளினார். கார் இன்னொரு 'டப்' போட்டு ஒரு கூடைப் புகையை அவர் முகத்திலேயே விட்டது. வெள்ளைக்காரத் துரை மாதிரி வந்தவர் கரி மூட்டை தூக்கினவர் மாதிரி ஆனார். இருந்தும் விடவில்லை, சிரித்துக்கொண்டே தள்ளினார். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளியதும் இயந்திரம் எப்படியோ உயிர் பெற்று, உச்சி வரை ஒரே ஓட்டமாக ஓடியது. அவர் பின்னால் நடந்து வந்து சேர்ந்தார்.

தேநீரோடு வந்த பாலாம்பிகை அந்தக் கரி முகத்தைப் பார்த்தாள். பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை அடக்க முடியாமல், தட்டை வைத்துவிட்டு முதலில் ஒரு ஈரத் துவாலையை நீட்டினாள். பிறகு யாரும் கேட்காமலே தாயிடம் திரும்பினாள்.

"அம்மா, எனக்குச் சம்மதம்."

பூரணம் மகளை முறைத்தாள். செல்வநாயகியோ, "பிள்ளை நல்ல துணிச்சல்காரி," என்று அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள். தை மாதமே முகூர்த்தம் என்று பேச்சு முடிந்தது.

விருந்தாளிகளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய வல்லிபுரத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலிலேயே தர்மலிங்கத்தை நிறுத்தினார்.

"கலியாணத்தண்டைக்கு இந்தக் கார் மானத்தை வாங்கக் கூடாது. நாளைக்கே பீடோங்குக்குப் போய் இன்னும் மூண்டு டப்பா மாத்திரை வாங்கி வா!"

தர்மலிங்கம் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வேணாங்கய்யா, கார் இனிமே நிக்காது. ஏத்தத்துக்கிட்ட வந்ததும் என் முழங்காலுக்குக் கீழ இருக்கிற பெட்ரோல் குழாயை நான்தானே மூடுவேன். எறங்கித் தள்ளுற மாப்பிள்ளை வர்ற வரைக்கும் மூடச் சொன்னது நம்ம பாலாம்பிகையம்மா!"