எண்பது மார்க் நிலம்

கிணற்றுத் தண்ணீரை மூன்றாம் முறையாகக் கொப்பளித்துத் துப்பிய பிறகும், அது உப்பா இல்லையா என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தீர்மானமாகவில்லை.

"முழுங்கினாத்தானே தெரியும்?" என்றாள் மனைவி. "நாலரைக்கு பஸ். அதுக்குள்ள சரின்னு சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கு அந்த ஒன்பதாவது மாடி வீட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டுடுவேன்."

இருபத்திரண்டு வருடங்களாக மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டு வேலை பார்த்த மனிதருக்கு ஒரே ஆசைதான். தரையில் ஒரு வீடு, ஒரு கிணறு, நாலு கோழி, பத்துப் பாத்தி காய்கறி. இதுவரை முப்பத்தோரு இடம் பார்த்து, நோட்டில் மார்க் போட்டுக் கழித்துவிட்டார். அதில் ஒன்றைக் கழித்தது, பக்கத்து வீட்டு நாய் பார்த்த பார்வை சரியில்லை என்பதற்காக. எண்பது மார்க் தேறியது இந்த நிலம் மட்டுமே.

எதற்கும் உறுதி செய்துகொள்ளலாம் என்று, கிணற்றோரம் உட்கார்ந்திருந்த தலைப்பாகைக்காரரைக் கேட்டார்.

"தண்ணியா? வெயில் காலத்துல வாளியை விட்டா தூசிதான் வரும். போன தடவை வாளியே வரலை."

பத்து மார்க் போயிற்று. சமாதானம் ஆகாமல், ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு அம்மாவிடம் மண்ணைப் பற்றி விசாரித்தார்.

"இந்த மண்ணுல முளைச்ச புல்லைத் தின்னுட்டு இது மூணு நாளா வாயைத் திறக்கலை, தம்பி."

ஆடு ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் பதினைந்து போயிற்று.

கூரையில்லாத சுவருக்குப் பக்கத்தில் நின்ற பெரியவரிடம் காற்றைப் பற்றிக் கேட்டிருக்கவே கூடாது.

"கூரை பறந்துச்சு. மேல கோழி அடையில இருந்துச்சு. மறு காத்துல கூரை திரும்பி வந்தப்ப பதினோரு குஞ்சு. அதுக்கப்புறம் போன கூரைதான், வரவேயில்லை."

எண்பது நாற்பதாகிவிட்டது. நோட்டும் கையுமாகத் திரும்பியவர், மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்தார்.

"இங்க ஒரு கொடி கட்டினா துணி ஒரு மணியில காஞ்சிடும்," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. வீட்டில் பன்னிரண்டு வருடமாக அவள் துணி குளியலறையில்தான் காய்கிறது.

அவர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். நோட்டை மூடினார். வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

அந்த நேரம் பார்த்து அளவு டேப்போடு ஒரு இளம் தம்பதி வந்து சேர்ந்தார்கள்.

"சார், நீங்க இந்த ஊரா?"

கைக்கு எட்டியதை இவர்கள் தட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று மெக்கானிக்குக்குப் பகீரென்றது.

"பொறந்ததுலேருந்து," என்றார்.

வாளி, ஆடு, கூரை மூன்றையும் சொன்னார். அவர்கள் அசையவில்லை.

"அதெல்லாம்கூடப் பரவாயில்லைங்க. ராத்திரி நிலம் ரெண்டடி கீழ இறங்கிடும். காலையில ஏறி வரும். சில நாள் நடுவுலயே நின்னுடும். நாமதான் குதிச்சு வெளிய வரணும்."

தம்பதி டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஓட்டமெடுத்தார்கள்.

"இவ்வளவு அழகா புளுகுவீங்கன்னு தெரியாமப் போச்சே!" என்று மனைவி சிரித்தாள். "சரி, வாங்கிடலாம்தானே?"

அவர் மெல்ல ஒரு காலைத் தூக்கி, மண்ணை அழுத்திப் பார்த்தார்.

"கீழ இறங்குதா?"

"என்னது?"

"ஒண்ணுமில்லை. அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை வந்து பார்த்துட்டு..."

பஸ்ஸில் அவள் முதலில் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே, வெயிலில் கிடந்த அந்த நிலத்தை, அது மறையும் வரை பார்த்துக்கொண்டு வந்தாள். மனம் தாங்காமல் மெக்கானிக் கண்டக்டரைக் கேட்டார்:

"இங்க குடியிருக்கறவங்க எல்லாம் எப்படி, நல்ல மாதிரியா?"

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"இங்க யாரு சார் குடியிருக்கா? அந்தத் தலைப்பாகைக்காரர், ஆட்டுக்காரம்மா, பெரியவர் எல்லாருமே எட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம, முதல் பஸ்ல வந்து இடம் பார்த்துட்டுக் கடைசி பஸ்ல திரும்பிப் போறவங்க."