மூழ்கிய தீவிலிருந்து ஒரு திருத்தம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று போனில் கேட்டால் “இருக்கோம்பா” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறாய். அதனால் இந்த முறை தாளில் கேட்கிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. லீவு போட்டு வர நினைத்திருந்தால் வர வேண்டாம்.

“வீட்டுலயே அடைஞ்சு கிடக்காம எங்கயாவது போய் நாலு பேரோட பேசுங்கப்பா” என்றாயே, போனேன். அதில் உலகம் மூன்றரை டிகிரி சூடாகிவிட்டது. வேறு யாராவது உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நூலகத்து மாடியில் சனிக்கிழமை ஒரு விளையாட்டு. பருவநிலைக் கொள்கை எப்படி உருவாகிறது என்று புரியவைக்க, நம்மையே நாடுகளாக உட்காரவைத்து ஒப்பந்தம் பேசச் சொல்கிறார்கள். நடத்தியவர் ஒரு கல்லூரி ஆசிரியை. பெரிய நாடுகளுக்கு மேஜைவிரிப்பு, தண்ணீர் பாட்டில், மும்மூன்று ஆட்கள். முப்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவன் என்று நான் சொன்னதும் அவருக்கு என்ன தோன்றியதோ, ஒரு குட்டித்தீவைக் கையில் கொடுத்து ஜன்னலோரம் தனி மேஜையில் உட்காரவைத்துவிட்டார். கடல் ஏறினால் முதலில் மூழ்குவது நான்தானாம். பெரிய நாடுகள் கூடிக் கூடிப் பேசின. என் பக்கம் வந்தவர் ஒரே ஒருவர். நாற்காலி காலியா என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனார். அப்புறம் இரண்டு மணி நேரம் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. உன் அம்மா போன பிறகு எனக்கு இதில் நல்ல பழக்கம், ஒன்றும் சிரமமில்லை.

கடைசி அரை மணியில் ஆசிரியை ஒரு விதியைப் படித்தார்: எல்லா நாடும் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தம் செல்லும். அவ்வளவுதான், எட்டுப் பேர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு ஓடிவந்தார்கள். “ஐயா, உங்க தீவுக்கு என்ன வேணும், சொல்லுங்க.” எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டு எத்தனை நாளாயிற்று, நீயே யோசித்துப் பார். கடலுக்குத் தடுப்புச்சுவர் கேட்டேன், மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். அங்கேயே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஆனால் போட்டால் எழுந்து போய்விடுவார்களே. “நாலாவது பிரிவை இன்னொரு தரம் படிங்க” என்றேன். படித்தார்கள். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். அது என் மூக்கின் மேல்தான் இருந்தது. நிலக்கரி நாடாக வந்திருந்த பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லைப் பற்றி விசாரித்தார், அதிலேயே பத்து நிமிஷம் ஓடியது. சந்தோஷமாக இருந்தது. அதற்குள் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது, ஒப்பந்தம் செல்லாமல் போனது.

“மூணரை டிகிரி. முதல்ல போனது தீவு” என்றார் ஆசிரியை. “கேட்டதெல்லாம் குடுத்தோமே சார், ஏன் போடல?” என்றார் பல் டாக்டர். பேனா எழுதவில்லை என்றேன். பேனா அவருடையது. எல்லோரும் போனதும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே ஆசிரியை சொன்னார்: “தயக்கமா இருந்தா கையெழுத்துப் போட்டுட்டு அதுக்குக் கீழ ஒரு திருத்தம் எழுதியிருக்கலாமே சார். மேல என்ன இருந்தாலும் கீழ எழுதுறதுதான் செல்லும்.” இது எனக்கு முன்பே தெரியாமல் போயிற்று.

மற்றபடி சுகமே. உனக்கும் ஆயிரம் வேலை இருக்கும். அலைந்துகொண்டு வர வேண்டாம். மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல். இருவரும் குறைவில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: திருத்தம். மேலே இரண்டு இடத்தில் ‘வர வேண்டாம்’ என்று இருப்பது நீக்கப்படுகிறது. தீவுக்குத் தடுப்புச்சுவர் தேவையில்லை. நீ வந்து நாலு நாள் இருந்தால் போதும்.