ஐ.சி. சாமியும் நானூற்றுப் பத்தாம் நாளும்

அந்த வருஷம் வெள்ளவத்தையில் இரண்டு இடங்களில்தான் கியூ நீண்டது. ஒன்று பொலிஸ் பதிவு. மற்றது ஐ.சி. சாமி. பொலிஸில் ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, நீட்டினாலும் நம்பமாட்டார்கள். சாமியிடம் நீட்டவே தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பரை அவரே சொல்லிவிடுவார்.

மற்றச் சாமிகள் வெறுங்கையில் விபூதி எடுப்பார்கள். யுத்தகாலக் கொழும்பில் விபூதி யாருக்கு வேண்டும்? நெற்றியில் அது இருந்தால் செக் பொயிண்டில் இரண்டு கேள்வி கூடக் கேட்பார்கள். நம்முடைய சாமி காலமறிந்தவர். ஒன்பது இலக்கத்தையும் கடைசியில் வரும் ‘வீ’யையும் பிசகாமல் சொன்னார். தங்கள் பையிலேயே இருக்கும் நம்பரை இன்னொருவர் வாயால் கேட்டு, படித்த சனம் மெய்சிலிர்த்து அழுதது.

சாமி இருந்தது காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாகேந்திரத்தின் கொமினிகேஷன் கடைக்கு மேல்மாடியில். டிக்கெட் கீழே நாகேந்திரத்திடம். சாதகத்தை அவருடைய மெஷினில்தான் போட்டோக்கொப்பி அடிக்க வேண்டும். வேறு மெஷினில் அடித்தால் கிரகங்கள் வீடு மாறிவிடுமாம். திரும்பும்போது சாமி ஒரு யந்திரத் தாள் தருவார். அதன் அடியில் சிவப்பு முத்திரை: ‘நகல் எடுக்கலாகாது. மீறினால் சக்தி திருப்பி அடிக்கும்.’ அந்தத் தாளே ஒரு போட்டோக்கொப்பி என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சரோஜினிதேவிக்கு இந்தப் பக்தியில் பங்கில்லை. கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் லோயர் ஸாலிஹிடம் டைப் அடிப்பவள். சத்தியக் கடதாசி அடித்து அடித்து, யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்கும் வியாதி அவளுக்குத் தொற்றியிருந்தது. ஊர் எப்படியும் போகட்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் லொட்ஜில் பக்கத்து அறைச் சிவக்கொழுந்தின் விஷயத்தில் அப்படி இருக்க முடியவில்லை.

சிவக்கொழுந்தின் மகன் சிவமணியைச் சுற்றிவளைப்பில் கொண்டுபோய் இருபத்தாறு நாள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியாது. அடிப்படை உரிமை வழக்குப் போடப் பிடித்த நாளிலிருந்து ஒரு மாதம்தான் தவணை, தாய் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று ஸாலிஹ் சொல்லியிருந்தார். தாய் வரமாட்டேன் என்றாள்.

“அவனைக் கொண்டுபோன அண்டையில இருந்து நாப்பத்தெட்டு நாள் விளக்கேத்தச் சொல்லிச் சாமி சொன்னவர், பிள்ளை. அதுக்கு முன்னம் கோட்டுப் படி மிதிச்சா சிவமணிக்குச் சனி திரும்பிடுமாம்.”

“அன்ரி, உங்கட நாப்பத்தெட்டு முடியேக்க தவணை முடிஞ்சு பதினெட்டு நாளாயிருக்கும்.”

“நீ படிச்சனீ, கதைப்பாய். அவன்ர ஐ.சி. நம்பர் எனக்கே பாடமில்லை. சாமி கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர். என்ர பிள்ளையைக் காணாமலோ சொன்னவர்?”

அந்தக் கேள்விக்குப் பதில் மறுநாள் காலை கிடைத்தது, நாகேந்திரத்தின் கடையில். தன்னுடைய பொலிஸ் பதிவுப் படிவத்துக்கு ஒரு கொப்பி கேட்டாள். மெஷினின் பச்சை வெளிச்சம் இரண்டு தரம் ஓடியது. கைக்கு வந்தது ஒன்று.

“மற்றது எங்க அண்ணை?”

“மங்கிப் போச்சு. கசக்கி எறிஞ்சிட்டன்.”

குப்பைக் கூடையில் மிட்டாய் சுற்றிய டொபித் தாள் ஒன்று மட்டும் கிடந்தது.

அந்தப் படிவத்தில் என்னதான் இல்லை? பெயர், ஊர், அறை நம்பர், ஐ.சி. நம்பர், யார் யாருக்கு என்ன உறவு. ஒரு தமிழன் கொழும்பில் தூங்கி எழும்ப எழுதிக்கொடுக்க வேண்டிய அத்தனையும் அதில் உண்டு. கொப்பி அடிக்க எல்லாரும் போவது நாகேந்திரத்திடம்.

அன்றிரவே சரோஜினி இன்னொரு படிவம் நிரப்பினாள். வவுனியாவிலிருந்து புதிதாக வந்த அண்ணன் தியாகராசா, ஐ.சி. நம்பர் 614102378 V. காலையில் நாகேந்திரத்திடம் ஒரு கொப்பி அடித்து, மாலைக்கு டிக்கெட்டும் வாங்கினாள். வெளியே வந்து படிவத்தையும் கொப்பியையும் கிழித்தாள். மாலையில் சிவக்கொழுந்தைக் கையோடு கூட்டிப்போனாள்.

மாடியில் முப்பது பேர். முன்வரிசையில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் இராசரத்தினம், சாமி மூச்சு விட்டாலும் தலையாட்டுகிறவர். சாமி சரோஜினியைப் பார்த்தார், கண்ணை மூடினார்.

“மகளே, உன்னை நம்பி ஓர் ஆண்பிள்ளை வந்திருக்கிறான். தமையன். தியாகராசா.”

கூட்டம் மூச்சை இழுத்தது.

“ஆறு, ஒன்று, நாலு, ஒன்று, சைபர், இரண்டு, மூன்று, ஏழு, எட்டு. வீ. அவனுக்குக் கண்டம் இருக்கிறது.”

“கண்டம்தான் சாமி,” என்றாள் சரோஜினி. “அவர் இன்னும் பிறக்கேல்லை.”

பிறகு இராசரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். “ஐயா, உங்கட ஐ.சி.யை எடுங்கோ. முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த மூண்டும் அந்த வருஷத்தில எத்தினையாம் நாள் எண்டது. உங்களுக்கு என்ன?”

“முப்பத்திரண்டு.”

“அப்ப பெப்ரவரி முதலாம் திகதி.”

“ஓம்,” என்றார் அவர். அறுபது தாண்டிய மனிதர். இத்தனை வருஷம் சட்டைப்பையில் சுமந்ததை அன்றுதான் வாசித்தார்.

“பொம்பிளையளுக்கு ஐந்நூறு கூட்டுவினம். எங்கட அண்ணனுக்குச் சாமி சொன்னது நாலு, ஒன்று, சைபர். ஆம்பிளை, நானூற்றுப் பத்தாம் நாள் பிறந்தவர். வருஷத்துக்கு எத்தினை நாள் சாமி?”

சாமி தாடியைத் தடவினார். “தேவர்களின் வருஷக் கணக்கு வேறு, மகளே.”

“தேவர்களுக்கும் ஐ.சி. குடுக்கினமோ?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாமியின் தொழிலில் அதைவிடப் பெரிய கண்டம் கிடையாது.

“எனக்கு அண்ணனே இல்லை. அந்த நம்பர் நான் எழுதின பொய். காலமை ஒரேயொரு இடத்திலதான் குடுத்தனான். கீழ, கொப்பி மெஷினில.”

தபால் அதிபருக்குத் தாள் விஷயம் என்றால் விளங்கும். முதலில் இறங்கியவர் அவர். நாகேந்திரம் மேசை லாச்சியை மறித்துக்கொண்டு நின்றார். முப்பது பேரை எவ்வளவு நேரம் மறிப்பது? உள்ளே படிவங்கள் லொட்ஜ் வாரியாக, நூல் கட்டி இருந்தன. பொலிஸில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. மேலே போய்ப் பார்த்தபோது சாமி பின்படியால் இறங்கியிருந்தார்.

“இதைச் சாமி வாசிச்சார்,” என்றாள் சரோஜினி. “வேற ஆர் ஆர் வாசிச்சினமோ, ஆருக்குத் தெரியும்?”

அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. எந்த அறையில் எந்த ஊர்ப் பெடியன் இருக்கிறான் என்று அந்த லாச்சி முழுவதும் எழுதியிருந்தது.

சிவக்கொழுந்து ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிவமணியின் எழுத்து. தாய்க்காக அவனே உட்கார்ந்து நிரப்பிய படிவம். இருபத்தெட்டு நாளாக மகனைக் கண்ட சாமி என்று கும்பிட்டாளே, சாமி கண்டது இந்தத் தாளைத்தான். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. அழவில்லை.

“எத்தினை நாள் கிடக்கு, பிள்ளை?”

“இரண்டு.”

“லோயர் ஐயா காலமை எத்தினை மணிக்கு வருவார்?”

“எட்டரைக்கு.”

“நான் ஏழரைக்கு வாசலில நிப்பன்.”

ஒரு மாதம் கழித்துக் கொட்டாஞ்சேனையில் ஒரு சாமி பிரபலமானார். இவர் பாஸ்போர்ட் நம்பர் சொல்கிறாராம். கீழ்மாடியில் என்ன கடை என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. நம்பிக்கை உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். கொப்பி அடிக்கும்போது வெளிச்சம் எத்தனை தரம் ஓடுகிறது என்று மட்டும் எண்ணுங்கள். அதற்கு ஞானக்கண் வேண்டாம், முகத்தில் இருக்கிற இரண்டும் போதும்.