ஸ்டாலின்கிராடும் எங்கள் வாய்க்கால் மடையும்

பாசமுள்ள அண்ணன் பரணிதரன் அவர்களுக்கு,

தங்கை மங்களாம்பிகை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நாற்றங்காலை உழுது போட்டுவிட்டு மேட்டூர் திறக்கக் காத்திருக்கிறோம். அண்ணியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உங்கள் மாப்பிள்ளை காதில் விழும் என்பதால் கடிதம்.

விஷயம் குந்தவையின் படிப்பு. அவள் கல்லூரியில் வரலாறு எடுக்க வேண்டும் என்கிறாள். இவர் நர்சிங்தான் என்கிறார். "உங்கம்மா வரலாறு படிச்சுக் கிழிச்சது போதாதா?" என்று ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஒரே பாட்டு. விண்ணப்பிக்க அடுத்த வாரம் கடைசி.

இதற்கிடையில் தஞ்சாவூர் வாசகர் வட்டத்தில் ஒரு பட்டிமன்றம். ஒரு நகரத்துச் சண்டை ஒரு போரையே திருப்புமா என்பது தலைப்பு. திருப்பாது என்ற அணிக்கு ஆள் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டார்கள். கல்லூரியோடு மேடையை மறந்தவள் நான். இவரிடம் சொன்னால், "எப்படியும் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டத் தஞ்சாவூர் போகணும், வா" என்றார். அந்த மோட்டார் சீக்கிரமே தயாராகித் தொலைக்க, அதைத் தூக்கிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். எதிரணியில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அரசப்பன். ஸ்டாலின்கிராடில் ஹிட்லர் படையை எதிர்த்துத் தானியக் கிடங்கை விடாமல் பிடித்து நின்றவர்களைப் பற்றிச் சொல்லிச் சபையையே உருக்கிவிட்டார். எனக்குத் தயார் செய்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, எதிரே இவர் முகமும் காலடியில் மோட்டாரும்தான் தெரிந்தன, வாயில் வந்ததைப் பேசினேன்.

"ஐயா, எங்க வீட்டுக்காரர் வருஷா வருஷம் வாய்க்கால் மடையில மண்வெட்டியோட நின்னு சண்டை போடுவார். ஒரு தடவைகூடத் தோத்ததில்லை. ஆனா மேட்டூர் திறக்காத வருஷம், ஜெயிச்ச மடையில என்னத்தைப் பாய்ச்சுறது? ஹிட்லர் படைக்கு எட்டாம மலைக்கு அந்தப் பக்கம் ராப்பகலா டாங்கி செஞ்சுச்சே தொழிற்சாலைங்க, அதுதான் அவங்க மேட்டூர். ஸ்டாலின்கிராட் வெறும் மடை!"

இவர் எழுந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"நடுவர் ஐயா, ஒரு திருத்தம். போன வருஷம் ஒரு தடவை தோத்துட்டேன்."

அரங்கமே அதிர்ந்தது. தீர்ப்பு எங்கள் பக்கம். அண்ணா, இத்தனை வருடத்தில் என்னையே எனக்கு அவ்வளவு பிடித்த நாள் வேறில்லை.

எனக்குப் போர்த்திய பொன்னாடையை இவர் வாங்கி, "பஸ் சீட்டுல கிரீஸ் ஒட்டிக்கும்" என்று மோட்டாருக்குப் போர்த்தினார். ஊர் வரும்வரை அதையே பிடித்துக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் யோசித்துக்கொண்டே வந்தேன். ஜெயித்தது ஒரு மாலைப் பொழுதை. வீட்டுப் போர் அப்படியே கிடக்கிறது. மேடையில் சொன்னது எவ்வளவு சரி! ஆகவே எங்கள் மேட்டூர் நீங்கள்தான். தாய்மாமன் வந்து சொன்னால் இவர் தட்டமாட்டார். கடிதம் கண்டதும் புறப்பட்டு வாருங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

தங்கள் தங்கை,
மங்களாம்பிகை

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடும்போது குந்தவை ஓடி வந்தாள். காலையிலேயே இவர் அவளை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய் வரலாற்றுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாராம். "உங்கம்மா மாதிரி பேசணும்னா அதைத்தானே படிக்கணும்" என்றாராம். நீங்கள் வர வேண்டாம். ஒரே சண்டையில், அதுவும் நகரத்துச் சண்டையில், போர் திரும்பிவிட்டது. மேடையில் நான் பேசியது அத்தனையும் தப்பு. அரசப்பன் சார் காதுக்கு மட்டும் போய்விடக் கூடாது. பொன்னாடையைத் திருப்பிக் கேட்டால் கொடுக்க முடியாது, கிரீஸ் போகவில்லை.