கிருஷ்ணம்மாவுக்குக் கண் ஆபரேஷன்

என் கண் மங்கிக்கொண்டு வருவதைப் பற்றி மனைவியிடம் மூச்சுவிடக் கூடாது. ஈஸ்டருக்கு மறுநாள் இப்படி ஒரு தீர்மானம் செய்தேன். எங்கள் இல்லறத்தில் அவளைக் கேட்காமல் நான் செய்த முதல் தீர்மானம் அது. கடைசியும் அதுதான்.

எங்கள் சொந்த ஊர் டென்மார்க். இளவயதில் மிஷனின் பாதிரி ஊழியத்துக்காகக் கப்பலேறி விருத்தாசலம் வந்தோம். ஆன்டர்ஸ் என்ற என் பெயரை ஊர் மென்று முழுங்கி ‘அந்தரசு ஐயா’ ஆக்கியது. என் மனைவி கிர்ஸ்டன், கிருஷ்ணம்மா ஆனாள். வேதம் சொல்ல வந்தவளுக்கு இந்தப் பேரா என்று நான் திருத்திப் பார்த்தேன். “விடுங்க. கூப்பிட்டா திரும்பிப் பாக்கத்தானே பேரு” என்று சொல்லிவிட்டாள்.

வீட்டிலும் எங்களுக்குத் தமிழ்தான். எங்கள் பாஷையில் பேசினால், சமையல் செய்யும் திரௌபதி தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிடுவாள். அதற்குப் பயந்து மாறினோம். மாறியது நான் செய்த பிசகு. டேனிஷில் கிர்ஸ்டன் சாது. தமிழை அவள் கற்றதோ தான் நடத்தும் டிஸ்பென்சரிக்கு வரும் பெண்களிடம்.

கண் விஷயத்தை ஏன் மறைத்தேன் என்றால், வேலை செய்ய முடியாதவர்களை மிஷன் ஊருக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளும். காம்பவுண்டின் கிழக்குக் கோடியில், கிணற்றுக்கு அப்பால், எங்கள் மகன் யென்ஸ் இருக்கிறான். சின்ன வயசிலேயே காலரா கொண்டுபோய்விட்டது. கிர்ஸ்டன் தினமும் சாயங்காலம் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு, அவனிடம் சற்று உட்கார்ந்திருந்த பிறகுதான் வீட்டுக்குள் வருவாள். என் கண்ணைக் காரணம் காட்டி அவளை அங்கிருந்து கிளப்ப எனக்கு மனசில்லை.

ஆகவே நடிக்க ஆரம்பித்தேன். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லி சைக்கிளைச் சுவரோரம் சாத்தினேன். கையெழுத்துப் போடும் வேலையெல்லாம் ‘அப்புறம்’ ஆயின. ஞாயிற்றுக்கிழமை வேதபாடம்தான் கஷ்டம். பீங்கான் ஆலையில் சூளை மேஸ்திரியாக இருந்த மாணிக்கவேல் எங்கள் சபை மூப்பர். அவரைச் சனிக்கிழமை தோறும் வேதக்கோயிலுக்குள் உட்காரவைத்து, பாடத்தைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்தேன். மறுநாள் புத்தகத்தை விரித்துப் பிடித்துக் கணீரென்று ஒப்பிப்பேன்.

“யாருகிட்டயும் சொல்லக் கூடாது, மாணிக்கவேல்.”

“சத்தியமா சொல்ல மாட்டேங்கய்யா. ஆனா அம்மா கேட்டாங்கன்னா?”

“கேக்க மாட்டாங்க.”

வெள்ளை மேஜைவிரிப்பில் வெள்ளைப் பீங்கான் கோப்பை எனக்குத் தெரியாது. கை துழாவும். ஒருநாள் கோப்பைகளெல்லாம் காப்பிக் கொட்டை நிறத்துக்கு மாறியிருந்தன. ஆண்டவரே உதவி செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி மழைக்காலம் வரை ஓட்டினேன். ஒரு சாயங்காலம் கிர்ஸ்டன் உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“என்ன கிர்ஸ்டன்?”

“ஏங்க... எனக்குக் கண்ணு சரியாத் தெரியலீங்க.”

என் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“எத்தினி நாளா?”

“கொஞ்ச நாளாவே. எல்லாம் புகையாட்டம் இருக்குது. உங்ககிட்ட சொல்ல பயமா இருந்துச்சு.”

“என்கிட்ட மறைக்கலாமா? புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒளிவுமறைவு இருக்கலாமா?” என்று கேட்டேன். கேட்கும்போது என் முகம் சிவந்திருக்க வேண்டும். அவளுக்குத்தான் கண் தெரியாதே என்ற தைரியம்.

“வேப்பூருல கண்ணு முகாம் போடறாங்களாம். பட்டணத்து டாக்டருங்க வராங்களாம். ஆபரேஷன்னு நெனச்சாலே கை காலெல்லாம் நடுங்குது.”

“இதுல நடுங்க என்ன இருக்குது? ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கெல்லாம் எழுந்து நடமாடலையா?”

“உங்களுக்கு வந்திருந்தா நீங்க பண்ணிக்குவீங்களா?”

“நானா? மறு பேச்சு பேசாம போய்ப் படுத்துக்குவேன்.”

“நெசமாவா?”

“ஆண்டவர் மேல ஆணையா.”

பாதிரி ஆணையிடக் கூடாது. இட்டேன். அவளுக்குத் தெம்பு சொல்லும் அவசரம்.

“திரௌபதி, ஐயா சொன்னது காதுல வுழுந்துச்சா?”

“நல்லா வுழுந்துச்சுங்கம்மா” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. வீட்டில் இருப்பது மொத்தம் நாலு கண். அதில் ஒன்றாவது தேற வேண்டுமே.

குறித்த நாளில் திரௌபதியும் சேர்ந்து மூவரும் பஸ் ஏறினோம். இறங்கியதும் கிர்ஸ்டனின் கையைப் பிடித்து நான் வழிநடத்தினேன். “பள்ளம்”, “படி”, “மாடு வருது” என்று அவள்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். பாவம், தெரியாத கண்ணோடு எவ்வளவு நிதானம் என்று எண்ணிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் முகாம். பெஞ்சுகளில் கிழவர்களும் கிழவிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் டாக்டர் டார்ச்சோடு என் முகத்தருகே குனிந்தார்.

“நான் இல்லை டாக்டர். கண்ணு தெரியாதது என் வீட்டுக்காரிக்கு.”

அவர் அவள் பக்கம் திரும்பி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சிரித்தார்.

“இந்தம்மா இன்னும் பத்து வருஷம் ஊசியில நூல் கோப்பாங்க. உங்க ரெண்டு கண்ணுலயும்தான் புரை முத்திப்போயிருக்கு. இன்னைக்கு ஒண்ணை எடுத்துடலாம். இந்த ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க.”

நான் உட்காரவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்று தேடினேன். வெளிச்சமாகத் தெரிந்த பக்கம் அடி எடுத்து வைத்தேன். அது ஜன்னல்.

“திரௌபதி, ஐயா அன்னைக்கு என்னா சொன்னாரு?” என்று பின்னாலிருந்து கேட்டாள் கிர்ஸ்டன்.

“மறு பேச்சு பேசாம படுத்துக்குவேன்னாருங்கம்மா. ஆணை வேற வச்சாரு.”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிர்ஸ்டன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எப்பத் தெரிஞ்சுது உனக்கு?” என்று கேட்டேன்.

“யென்ஸோட பொறந்தநாளு அன்னைக்கு.”

“அன்னைக்கு நான் போய்ப் பூ வச்சேனே!”

“வச்சீங்க. முட்டி போட்டு ஜெபமும் பண்ணீங்க. துவைக்கிற கல்லுகிட்ட.”

நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொண்டேன்.

“நீங்க வூட்டுக்குள்ள போனதும் அந்தப் பூவை எடுத்தாந்து அவன்கிட்ட வச்சேன்” என்றாள். “அப்பா குடுத்தாருன்னு சொன்னேன்.”

ஜன்னல் கம்பி ஈரமாக இருந்தது. மழை பெய்ததா, என் கையா, தெரியவில்லை.

“ஆபரேஷன் சரியா வரலைன்னா, கிர்ஸ்டன்? ஊருக்குப் போகச் சொல்லிடுவாங்களே. நீ எப்படி அவனை விட்டுட்டு வருவே?”

“யாரும் எங்கியும் போவல. சரியா வரலைன்னா நான் கையைப் புடிச்சு நடத்திக்கிட்டுப் போறேன். இத்தினி நாளா வேற யாரு நடத்தினாங்களாம்?”

போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஆபரேஷன் முடிந்ததும் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கப் போட்டார்கள். தலையைத் திருப்பக் கூடாது. சிரிக்கக் கூடாது. பேசக் கூடாது. கிர்ஸ்டன் பக்கத்தில் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து பாதியில் நின்றுபோன சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடித்தாள். எல்லாவற்றிலும் அவளே ஜெயித்தாள்.

கட்டுப் பிரித்து, தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டினார்கள். முதலில் சுவர் வந்தது. அப்புறம் அவள் வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கோடுகள். நான் கடைசியாகப் பார்த்து வைத்திருந்த முகம் வேறு. இடையில் இத்தனை வயசு அவள் தனியாகவே ஆகியிருக்கிறாள்.

“என்னாங்க அப்படிப் பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. தெரியுது” என்றேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

ஊர் திரும்பியதும் நேரே கிழக்குக் கோடிக்குப் போனேன். இந்த முறை தப்பவில்லை. கிர்ஸ்டனும் வந்து உட்கார்ந்தாள். இருட்டும்வரை இருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கியை மடிப்புக் கலையாமல் மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வாசலில் மாணிக்கவேல் கும்பிட்டார். ஆலை வெள்ளைத் தூசி அவர் புருவத்தில் ஒட்டியிருந்ததுகூட எனக்குத் தெரிந்தது.

“மாணிக்கவேல், இன்னைக்கு நானே பிரசங்கம் பண்றேன்.”

அவர் தலையைச் சொறிந்தார்.

“இன்னைக்கும் அம்மாவைத்தான் பேசச் சொல்லியிருக்கோமுங்க.”

“இன்னைக்குமா? எந்த அம்மா?”

“நம்ம கிருஷ்ணம்மாதாங்க. நீங்க வேப்பூருல படுத்திருந்தப்ப ஞாயித்துக்கிழமை பஸ்ஸு புடிச்சு வந்து பேசிட்டுப் போனாங்களே, சொல்லலீங்களா?”

“சொல்லலையே. சரி, இப்பத்தான் எனக்குக் குணமாயிடுச்சே?”

“அவசரமில்லீங்கய்யா” என்று என் தோளைத் தொட்டு முன் பெஞ்சில் உட்காரவைத்தார் மாணிக்கவேல். “நீங்க நல்லா ஓய்வெடுங்க. அம்மா பேசினா உலை கொதிக்கறதுக்குள்ள வூட்டுக்குப் போயிடறோம்.”